உடன்பட்ட பொய் யாருடையது?

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் வாய்மை இரண்டாவது. பொய் பேசாதிருத்தலே அதன் பொருள் என்று நம் இல்லங்களில் சிறு குழந்தையும் சொல்லும். தம் வாயால் பொய்யைப் புனைந்து பேசுவோர் நம்மிடையே மிகச் சிலரே. ஆயின், பிறர் புனைந்த பொய்யைக் கேட்டு, அது நம் மனத்துக்கு உகந்ததாக இருந்தமையால் ஆராயாமல் ஏற்று, அடுத்தவர் செவியிலும் சேர்ப்பிக்கிறோமே, அச்செயலுக்கு என்ன பெயர்? ‘நாமாக எதையும் சொல்லவில்லை, பிறர் சொன்னதையே சொன்னோம்’ என்று கூறிக்கொண்டு, விரதம் காத்தவர்களாக நம்மைக் கருதிக்கொள்ளலாமா?

இவ்வினா பழமையானது. எனினும், கட்சிப்பற்று குடும்பப்பற்றினும் வலியதாகிவிட்ட இக்காலத்தில், ஒரு விரலசைவில் ஒரு செய்தி நூறு பேரைச் சென்றடையும் இக்காலத்தில், அது புதிய கூர்மை பெற்றுள்ளது. எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ நாம் இதனை எழுதவில்லை. கட்சிகள் வரும், போகும். பொய்யோடு நமக்குள்ள உறவு எத்தகையது என்பதே நம் ஆராய்ச்சி.

வினை வந்து சேரும் வழிகளை ஆராய்ந்த நம் முன்னோர், தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என மூன்றாகப் பகுத்தனர். கொலைக்கும் களவுக்கும் இம்மூன்றையும் பொருத்திப் பார்க்க நாம் பழகியிருக்கிறோம். ஊன் உண்ணுதல் பற்றிப் பேசும்போது, ‘கொன்றவன் வேறு, தின்றவன் வேறு’ என்னும் வாதத்தை நாம் ஏற்பதில்லை. உண்பவன் விரும்புவதால்தான் கொல்பவன் கொல்கிறான் என்று உடனே மறுமொழி கூறுகிறோம். அதே அளவுகோலைப் பொய்க்கும் பொருத்தினால் என்ன விளங்கும் என்பதை உண்மை நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு காண்போம். நம் மக்கள் பலர் கல்வியும் தொழிலும் நாடிச் சென்று வாழும் அமெரிக்க நாட்டில், அண்மைக் காலத்தில் நிகழ்ந்தது அது. நம் உள்ளூர்க் கட்சிச் சார்பு குறுக்கிடாமல் பார்க்கத்தக்க தொலைவில் இருப்பதும் அதனைத் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம்.

2020 நவம்பர் 3 அன்று அந்நாட்டில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஜோ பைடன் 8 கோடியே 12 லட்சம் வாக்குகளும், அப்போது பதவியிலிருந்த குடியரசுக் கட்சியின் டொனால்ட் டிரம்ப் 7 கோடியே 42 லட்சம் வாக்குகளும் பெற்றனர். அந்நாட்டு முறைப்படி முடிவைத் தீர்மானிப்பது மாநிலவாரியான தேர்வாளர் எண்ணிக்கை. அதில் பைடனுக்கு 306, டிரம்புக்கு 232. தோற்றவர் தோல்வியை ஏற்கவில்லை. வாக்குகள் திருடப்பட்டன என்றார். கோடிக்கணக்கானோர் அதனை நம்பினர்.

ஒரு பொய் எவ்வாறு உருவாகிறது என்பதற்கு ஜார்ஜியா மாநிலத்தில் நிகழ்ந்ததைக் காணலாம். அட்லாண்டா நகரில் வாக்கு எண்ணும் கூடத்தில் தாயும் மகளுமாக இருவர் பணியாற்றினர். அக்கூடத்துக் கண்காணிப்புக் காமிராப் படத்தின் ஒரு துண்டை மட்டும் எடுத்து, மேசையடியில் ஒளித்து வைத்திருந்த பெட்டிகளிலிருந்து கள்ள வாக்குகளை அவர்கள் வெளியே எடுத்தனர் என்று பரப்பினர். உண்மையில் அவை முறைப்படி வைக்கப்பட்டிருந்த வாக்குச்சீட்டுக் கொள்கலன்களே. முழுப்படத்தையும் பார்த்த புலனாய்வு அலுவலர் அதனை உறுதி செய்தனர். மற்றொரு காட்சியில் தாய் மகளிடம் ஏதோ கொடுக்கிறார். கணினியில் பொருத்தும் தரவுச் சேமிப்புக் கருவியை இரகசியமாகக் கைமாற்றுகிறார்கள் என்றனர். தாய் கொடுத்தது ஓர் இஞ்சி மிட்டாய் என்று மகள் பின்னர் நாடாளுமன்ற விசாரணைக் குழுமுன் சான்றுரைத்தார்.

அந்த இஞ்சி மிட்டாயின் விலை பெரிது. அவ்விருவர்க்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. பாதுகாப்பு வேண்டித் தாய் தம் வீட்டை விட்டு வெளியேறி ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வேறிடத்தில் வாழ நேர்ந்தது. அப்பழியைப் பரப்பிய முன்னாள் நியூயார்க் மேயர் ரூடி ஜூலியானி அவர்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் இழப்பீடு தரவேண்டும் என 2023 டிசம்பரில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. ஆனால் மிரட்டல் கடிதம் எழுதிய ஆயிரவர்க்கும், அத்துண்டுப் படத்தைத் தம் நண்பர்க்கு அனுப்பிய இலட்சவர்க்கும் எந்த நீதிமன்றம் தண்டம் விதிக்க இயலும்? பொய்யைப் புனைந்தவர் சிலர். அதற்கு உயிர் கொடுத்து அவ்விருவரின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள், அதனை விரும்பிய எண்ணற்றோர்.

விரும்புவோர் இருப்பதால்தான் பொய் விற்பனையாகிறது என்பதற்கு இன்னும் தெளிவான சான்று ஒன்று உண்டு. டொமினியன் என்னும் வாக்கு எந்திர நிறுவனம் வாக்குகளை மாற்றியது என்னும் கதையை ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி மீண்டும் மீண்டும் ஒளிபரப்பியது. டொமினியன் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கில், தொலைக்காட்சியின் உயர் அலுவலரும் நிகழ்ச்சி நடத்துவோரும் தமக்குள் பரிமாறிக்கொண்ட செய்திகள் வெளியாயின. அவருள் பலர் அக்கதையைத் தனிப்பட்ட முறையில் நம்பவில்லை. அவர்களை ஆட்டிவைத்தது ஓர் அச்சம்: கேட்க விரும்புவதைச் சொல்லாவிட்டால் நேயர்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்களே என்னும் அச்சம். டொமினியனைப் பற்றிய அக்கூற்றுகள் பொய் என்பது தெளிவு என்று 2023 மார்ச்சில் டெலவேர் மாநில நீதிபதி தீர்மானித்தார். ஏப்ரல் 18 அன்று, 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து அத்தொலைக்காட்சி வழக்கை முடித்துக்கொண்டது.

இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சொல்பவன் கேட்பவனை ஏமாற்றுகிறான் என்றே நாம் பொதுவாகக் கருதுகிறோம். இங்கோ, கேட்பவனின் விருப்பமே சொல்பவனை ஆண்டது. நேயர்கள் தம்மை அறியாமலே அப்பொய்யைச் சொல்வித்தார்கள். செய்வித்தலும் உடன்படுதலும் எத்துணை நெருங்கியவை என்பது இதனால் விளங்கும்.

இனி, சட்டம் என்னாயிற்று என்பதைக் காண்போம். தேர்தல் முடிவை எதிர்த்து 60க்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன. ஏறத்தாழ அனைத்தும் தோல்வியுற்றன. அவற்றைத் தள்ளிய நீதிபதிகளுள் டிரம்பே நியமித்தவர்களும் இருந்தனர். டெக்சாஸ் மாநிலம் தொடுத்த வழக்கை 2020 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அம்மன்றத்தின் 9 நீதிபதிகளுள் மூவர் அவரால் நியமிக்கப்பட்டவர்கள். முடிவை மாற்றத்தக்க அளவில் மோசடி எதுவும் காணப்படவில்லை என்று டிசம்பர் 1 அன்று கூறிய வில்லியம் பார், டிரம்பின் அமைச்சரவையிலேயே நீதித்துறைப் பொறுப்பில் இருந்தவர்.

ஜார்ஜியாவின் மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரும் குடியரசுக் கட்சியினரே. டிரம்ப் வெல்ல வேண்டுமென விரும்பியவர். அம்மாநிலத்தின் ஏறத்தாழ 50 லட்சம் வாக்குச்சீட்டுகள் கையாலும் எண்ணப்பட்டன. பின்னர் எந்திரத்தால் மறுபடியும் எண்ணப்பட்டன. இறுதி வேறுபாடு 11,779 வாக்குகள். 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் அவரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு மணி நேரம் பேசினார். 11,780 வாக்குகளைக் கண்டெடுக்க வேண்டும் என்றார். ராஃபென்ஸ்பெர்கர் எண்ணிக்கை சரியானதே என்று கூறி மறுத்தார்.

அரிசோனா மாநிலக் கீழவையின் தலைவர் ரஸ்டி பவர்ஸ் டிரம்புக்காகத் தேர்தல் பணி செய்தவர். மக்கள் தேர்ந்தெடுத்த தேர்வாளரை நீக்கி வேறு தேர்வாளரை அமர்த்துமாறு அவரை வற்புறுத்தினர். அவர் சான்று கேட்டார். சான்று வரவில்லை. அரசியல் சட்டத்தின் மீது தாம் எடுத்த உறுதிமொழியை மீற மாட்டேன் என்றார். அவர் வீட்டின் முன் ஒலிபெருக்கிகளோடு கூடி இழித்துரைத்தனர். 2022 ஜூலையில் அவருடைய கட்சியே அவரைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. ஆகஸ்டில் கட்சியின் உட்தேர்தலில் அவர் தோற்றார்.

வென்ற கட்சியினர் ‘தேர்தல் நேர்மையாக நடந்தது’ என்று சொன்னதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவ்வாறு சொல்வதால் அவர்களுக்கு இழப்பும் இல்லை. அந்நாட்டின் சட்டத்தை அன்று தாங்கி நின்றவர்கள், தோற்ற தரப்பில் இருந்துகொண்டே தம் தரப்பின் பொய்யை ஏற்க மறுத்த சிலர்தாம். எதிர்த் தரப்பின் பொய்யைக் கண்டறிய நம் அனைவர்க்கும் கூரிய கண்கள் உண்டு. நம் தரப்பின் பொய்யைக் காணும்போதுதான் அக்கண்கள் மங்குகின்றன. எனவே வாய்மை விரதம் சோதிக்கப்படும் இடம் அதுவே என்பது நம் கருத்து.

மறுத்தவர்கள் சிலரே. உடன்பட்டவர்கள் மிகப் பலர். 2021 ஜனவரி 6 அன்று தேர்தல் முடிவை நாடாளுமன்றம் முறைப்படி ஏற்கும் வேளையில், திரண்ட கூட்டம் கதவுகளையும் சாளரங்களையும் உடைத்து உள்ளே புகுந்தது. ஏறத்தாழ 140 காவலர் காயமுற்றனர். துணைக் குடியரசுத் தலைவர் மைக் பென்ஸ் முடிவைத் தள்ளிவிட மறுத்தமையால், அவரைத் தூக்கிலிட வேண்டும் என்று சிலர் முழக்கமிட்டனர். கூட்டத்தில் இருந்தவர்கள் அனைவரும் கொடியவர்களா? ஆசிரியர், வணிகர், ஓய்வு பெற்ற படைவீரர் எனச் சாதாரணக் குடும்பத்தினர் பலர் அதில் இருந்தனர். நாட்டைக் காக்கிறோம் என்றே அவர்கள் நம்பினர். நல்லெண்ணம் இருந்தும் தீவினை விளைந்தது எப்படி என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

‘நம்பித்தானே செய்தார்கள், அவர்கள் மேல் என்ன குற்றம்?’ என்று கேட்கலாம். நம்பிக்கை வேறு, ஆராய்ந்து கொண்ட தெளிவு வேறு. நற்காட்சி என்று நம் சமயம் கூறுவது கண்ணை மூடிக்கொண்டு நம்புதலை அன்று. இருட்டில் நடப்பவன் கால் வைக்கும் இடத்தைப் பாராமல் ஓர் உயிரை மிதித்துவிட்டு, ‘கண்டிருந்தால் மிதித்திருக்க மாட்டேன்’ என்கிறான். அவன் கூறுவது உண்மையே. ஆயினும் பார்த்து நடவாமை அவனுடைய குற்றம்தான். நடையில் கொள்ளும் அந்தக் கவனத்தைச் சொல்லிலும் கொள்ள வேண்டும் என்பதனால்தான் முன்னோர் இரண்டையும் சமிதிகளுள் அடுத்தடுத்து வைத்தனர்.

இன்னொரு வாதமும் எழலாம். ‘நாம் அநேகாந்தம் பேசுபவர்கள். ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் உண்மை உண்டு என ஏற்பதன்றோ நம் நெறி? இரு கட்சியின் கூற்றும் ஒவ்வொரு வகையில் உண்மை என்று விட்டுவிடலாமே’ என்பர் சிலர். இது அநேகாந்தத்தைப் பிழைபட உணர்தல் ஆகும். யானையைத் தொட்டறிந்த பார்வையற்றோர் கதையை நாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். தூண் என்றவர் காலைத் தொட்டார். முறம் என்றவர் செவியைத் தொட்டார். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைத் தொட்டே பேசினர். எதையும் தொடாமல் ‘யானைக்குச் சிறகு உண்டு’ என்பவன் கூற்றுக்கு அங்கே இடமில்லை. வரி எவ்வளவு இருக்கலாம், எந்தத் திட்டம் ஏழைக்கு நன்மை தரும் என்பன போன்றவற்றில் பல நோக்குகள் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஓரளவு மெய் இருக்கலாம். வேறுபாடு 11,779 வாக்குகளா அன்றா என்பது எண்ணிப் பார்த்து அறிய வேண்டிய செய்தி. அங்கே பல நோக்குகளுக்கு இடமில்லை.

இல்லறத்தார் விரதங்களில் நிகழக்கூடிய மீறல்களைத் தத்துவார்த்த சூத்திரம் விரதத்துக்கு ஐந்தாகப் பட்டியலிடுகிறது. வாய்மை விரத மீறல்களுள் ஒன்று கூடலேகக் கிரியை, அதாவது பொய்யான ஆவணம் எழுதுதல். 2020 டிசம்பரில் ஏழு மாநிலங்களில் தோற்ற தரப்பினர் தாமே தேர்வாளர் எனச் சான்றிதழ் எழுதிக் கையொப்பமிட்டதையும், அவற்றுள் ஐந்தில் நிபந்தனை எதுவும் குறிக்காமலே அவ்வாறு செய்ததையும் நினைக்கும்போது, எந்நாட்டிலும் எக்காலத்திலும் மனித மனம் சறுக்கும் இடங்கள் ஒன்றே என்பது புலனாகிறது. களவாமை விரதத்தின் மீறல்களுள் ஒன்று, அரசின் நெறிக்கு மாறாக ஒழுகுதல். சட்டத்தை மதியாமை ஏன் களவோடு வைக்கப்பட்டது? சட்டம் அனைவர்க்கும் பொதுவான உடைமை. அதனைத் தன் தரப்புக்கு வேண்டியபடி வளைப்பவன் பிறர் அனைவருடைய பங்கையும் எடுத்துக்கொள்கிறான் என நாம் பொருள் கொள்கிறோம்.

வளைப்பவர்கள் ஒரு கட்சியில் மட்டும் உள்ளனர் என்று கருதுவது மீண்டும் கட்சிக்கண்ணால் பார்ப்பதே. 2025 ஜனவரி 20 அன்று மீண்டும் பதவியேற்ற டிரம்ப், ஜனவரி 6 நிகழ்ச்சி தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்ட ஏறத்தாழ 1,500 பேருக்கு அன்றே மன்னிப்பு வழங்கினார். காவலரைத் தாக்கியோரும் அவருள் அடங்குவர். அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்பு, 2024 டிசம்பர் 1 அன்று, பைடன் தம் மகனுக்கு மன்னிப்பு வழங்கினார். அவ்வாறு செய்ய மாட்டேன் என்று முன்னர்க் கூறியிருந்தவர் அவர். இரண்டும் ஒரே அளவினவல்ல. ஆனால் பார்த்திருந்த மக்களுள் பலர் ஒன்றைக் கண்டித்து மற்றதற்குக் காரணம் தேடினர். எதனைக் கண்டிப்பது, எதற்குக் காரணம் தேடுவது என்பதை அவரவர் கட்சியே தீர்மானித்தது. நாம் எந்தத் தராசைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதை அறிய இதனினும் எளிய சோதனை வேண்டியதில்லை.

கடல் கடந்த நாட்டின் கதை நமக்கு எதற்கு என்று எவரும் ஒதுக்க வேண்டா. நம் மக்கள் பல தலைமுறையாக வாழும் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த அத்திமூரில், 2018 மே 9 அன்று நடந்தது நினைவிருக்கும். குலதெய்வக் கோயிலை நாடிச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் ஒன்று வழி கேட்க நின்றது. அவர்களுள் 65 வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்னும் பொய்ச்செய்தி அந்நாட்களில் வாட்ஸ்அப் வழியே ஊர் ஊராகப் பரவியிருந்தது. கூட்டம் கூடி அடித்தது. மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். அங்கு ஒரு மிட்டாய், இங்கும் ஒரு மிட்டாய். அன்பினால் நீட்டிய கையைக் குற்றவாளியின் கையாகக் காட்டியது, முன்பே மனத்தில் குடியேறியிருந்த பொய்.

அங்கே கட்சி இல்லை. ‘நம் ஊர்’, ‘அயலார்’ என்னும் பிரிவு கட்சியின் இடத்தை எடுத்துக்கொண்டது. காவல் நிலையத்துக்குத் தெரிவிப்போம், அவர்கள் விசாரிக்கட்டும் என்னும் எண்ணம் அக்கூட்டத்தை ஆளவில்லை. அடித்தவர் பலர் கைது செய்யப்பட்டனர். அச்செய்தியைத் தத்தம் வீட்டிலிருந்தே அனுப்பியவர்கள் தம்மைக் குற்றமற்றவர்களாக எண்ணி அன்றிரவு உறங்கியிருப்பார்கள். அவ்வாண்டு ஜூலை 17 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், இத்தகைய கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத பொறுப்பு அலுவலரை நியமிக்குமாறு ஆணையிட்டது. அதே மாதத்தில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதித்தது. நீதிமன்றமும் நிறுவனமும் செய்யத்தக்கது அவ்வளவே. ஆறாவது மனிதரைக் காப்பது விதி; முதல் ஐவரைக் காக்க வேண்டியது நம் மனம்.

ஆசிரியப் பயிற்சி பெற வரும் மாணவியர்க்கு நாம் முதற்கண் கற்பித்தவற்றுள் ஒன்று, விடைத்தாளில் பெயரை மறைத்துவிட்டு மதிப்பிட வேண்டும் என்பது. அன்பான மாணவி என்றால் தவறும் சிறிதாகத் தோன்றும். குறும்புக்காரி என்றால் சரியான விடையிலும் குறை தெரியும். அரசியல் செய்திகளையும் அவ்வாறே பெயர் மறைத்துப் படிக்கலாம். ஒரு தலைவர் செய்ததாக வரும் செய்தியில் அவர் பெயருக்குப் பதில் எதிர்க்கட்சித் தலைவரின் பெயரை வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் அதே தீர்ப்பை நாம் வழங்குவோமாயின் நம் தராசு நேரானது. தீர்ப்பு மாறுமாயின், பேசுவது அறம் அன்று, சார்பு.

இல்லங்களில் வேறு சிலவற்றையும் பழக்கமாக்கிக்கொள்ளலாம். மனத்துக்கு மிகவும் இனிக்கும் செய்தியையே முதலில் ஐயுற வேண்டும். யார் கண்டது, எங்கே, எப்போது என்னும் மூன்று வினாக்களுக்கு விடையில்லாத எதையும் பிறர்க்கு அனுப்பாதிருத்தல் வேண்டும். பகிர்ந்த செய்தி பொய்யென்று தெரிந்தால், எவரெவர்க்கு அனுப்பினோமோ அவரவர்க்கே அதனைத் தெரிவிக்க வேண்டும். தனியே வருந்துவது போதாது. உறவினர் கூடும் இடங்களில் நம் சார்பினர் ஒருவர் பொய் கூறும்போது, மூத்தவர்கள் அமைதியாக ‘அதற்குச் சான்று உண்டா, தம்பி?’ என்று ஒரு சொல் கேட்கலாம். கோபம் வேண்டா, வாதமும் வேண்டா. குழந்தைகள் அதனைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாம் எந்தக் கட்சியை ஆதரித்தோம் என்பது அவர்களுக்கு நாளை மறந்துபோகும். நம் ஆள் சொன்னதையே பாட்டி சான்று கேட்டார் என்பது நினைவில் நிற்கும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு நம் விடை இதுதான்: உடன்பட்ட பொய், புனைந்தவனுக்கு மட்டும் உரியதன்று, உடன்பட்ட அளவுக்கு நமக்கும் உரியது. ரஸ்டி பவர்ஸ் உட்தேர்தலில் தோற்றார். ஆனால் ஒரு பொய்க்கு உடன்பட்ட வினை அவரைச் சேரவில்லை. அத்தகைய பெரிய சோதனைகள் நமக்கு வருவது அரிது. நம்முடையவை சிறியவை, நாள்தோறும் கைப்பேசியில் வந்து, அனுப்பட்டுமா என்று கேட்பவை. அவற்றை நிறுத்தி வைக்கும் வலிமை நமக்கு உண்டு. அவ்வலிமையை நம் இல்லத்தார் அனைவரும் பேணி வளர்ப்பாராக.